கால்ல என்ன மருந்து?

மெடிக்கலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: தலைவலிக்காரர் தலையைக் காட்டமாட்டார், வயிற்றுவலிக்காரர் வயிற்றைக் காட்டமாட்டார், சேத்துப்புண்காரர் மட்டும் வந்தவுடன் செருப்பை உதறிவிட்டுக் காலைத் தூக்கிக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்துவிடுவார்.

நான் திருத்தங்கல் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் அப்படிப்பட்ட கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு, பார்மசி படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் கிடந்து ஊரைக் கூட்டாதே என்று அம்மா தள்ளிவிட்ட இடம் இது. என் பெயர் முத்துக்கனி. கடைக்கார அக்கா என்னைக் கூப்பிடுவது ரேடியோ என்று. யார் குரலைக் கேட்டாலும் அது என் தொண்டைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். மினி பஸ் கண்டக்டர், எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர், அக்காவின் மாமியார் என்று எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். மாமியார் குரலில் ஒருமுறை "ஏ, உலையில அரிசி போட்டாச்சா?" என்று கேட்டதற்கு அக்கா கையிலிருந்த இருமல் டானிக் பாட்டிலைக் கீழே போட்டார்.

இதில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே தரமாட்டேன். பூசினவுடனே பலன் கேட்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிற என் சக கவுண்டர்க்காரர்களே, விரலிடுக்கில் நமைச்சலோடு இதைப் படிக்கிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். நான் பட்ட பயத்தையும் நீங்கள் பட்ட பிறகுதான் சிரிப்பு.

அரிப்புக்கு வந்தவர்

ஒரு அண்ணன் டாக்டர் சீட்டோடு வந்தார். கால் விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாக ஊறிப்போன தோல். டியூபைக் கொடுத்ததும் அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே எட்டாக மடித்திருந்த காகிதத்தை எடுத்தார். யாருமே எடுக்காத காகிதம் அது. "இதுல பக்கவிளைவுன்னு என்னமோ இருக்குமாமே, படிச்சுச் சொல்லு பாப்பா" என்றார். எனக்குக் கேட்கவா வேண்டும்? டிவியில் செய்தி வாசிப்பவரின் குரலை எடுத்துவிட்டேன். "எரிச்சல். அரிப்பு. தோல் சிவத்தல். தோல் உரிதல். வறட்சி."

அவர் முகம் வெளிறிவிட்டது. அவருக்கு அரிப்பு இருந்தது, சிவப்பு இருந்தது, தோல் உரிந்துகொண்டும் இருந்தது. "நோயத்தான வாசிக்க? மருந்த வாசி" என்றார். மருந்தைத்தான் வாசித்தேன் என்றேன். உள்ளேயிருந்து அக்கா வந்து, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு லேசாக எரிந்து அடங்கிவிடும், கொப்புளம் போட்டாலோ வீங்கினாலோ பூசுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள் என்று சொல்லி அவரை ஒருவழியாக ஆற்றினார். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். அச்சாபீஸ்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது. "இந்த மாதிரி பொடி எழுத்து எம்புட்டு லோடு அடிச்சுத் தள்ளியிருப்பேன். இதப் படிக்கிற நெலம எனக்கே வரும்னு நெனைக்கலியே பாப்பா!"

எரியுது

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் சத்தமாகச் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு. பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வீட்டுக்கு ஓராள் போகிற ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டால் ஜனம் முதலில் வானத்தைப் பார்க்கும், புகை தெரிகிறதா என்று.

ஒரு மத்தியானம் கடை ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன், ஏனென்றால் எனக்குக் குரல்கள் பிடிக்கும். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற சண்முகத்தாய் அக்கா. "எரியுது பிள்ள! அய்யோ எரியுது! எரியுது!" கடையில் நின்றவர்கள் எல்லாரும் அப்படியே உறைந்தார்கள். வாசலில் நின்ற ஒருவர் ரோட்டுக்கு ஓடிச் சாத்தூர் திசையில் அண்ணாந்து பார்த்தார். ஒரு அம்மா வாங்கின மாத்திரையைக் கீழே போட்டுவிட்டுத் தன் மகனுக்கு ஃபோன் போட ஆரம்பித்துவிட்டார். என்னிடம் இருந்த அத்தனை குரலும் ஓடிப்போய், என்னுடையது மட்டும் மிச்சம் இருந்தது. "எங்கனக்கா? எங்கன எரியுது?" என்று கத்தினேன்.

"சுண்டுவிரலுக்கும் அதுக்கு அடுத்த விரலுக்கும் நடுவுல!"

தீப்பக்கம் போகாதே

மறுநாள் அதே சண்முகத்தாய் அக்கா டியூபோடு நேரில் வந்தார். எரிச்சல் அடங்கிவிட்டதாம். இப்போது வேறு பயம். அவர் மகள் காகிதத்தை வாசித்துவிட்டாள். இந்தக் களிம்பு ஊறின துணி சட்டென்று தீப்பிடிக்கும், நெருப்பின் பக்கம் போகாதீர்கள் என்று அதில் போட்டிருக்கிறது. கடைக்கார அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். உண்மைதான், போட்டிருந்தது. களிம்பில் மெழுகு மாதிரி ஒன்று சேர்ப்பார்கள். அது துணியில் ஊறிக் காய்ந்தால் அப்படி ஆகலாம்.

எனக்கு முதலில் சிரிப்பு முட்டியது. பிறகு சண்முகத்தாய் அக்காவின் முந்தானையைப் பார்த்தேன். காலைத் துடைத்தது அதில்தான் என்று தெரிந்தது. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. கடைக்கார அக்காவும் அதைத்தான் பார்த்தார். "வேலைக்குப் போறதுக்கு முன்னால பூசாத. வீட்டுக்கு வந்து, குளிச்சு, கால் காஞ்சதுக்கப்புறம் பூசு. கையக் கழுவு. துடைக்கத் தனித்துணி வச்சுக்க, அதத் துவைச்சுப் போடு. அடுப்படிக்கு அதக் கொண்டு போகாத" என்று நிதானமாக அடுக்கினார். சண்முகத்தாய் அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியிறங்கும்போதுதான் திரும்பினார். "ஊரையே தீப்பக்கம் கட்டி வச்சிருக்காக, இதுல தீப்பக்கம் போகாதன்னு எனக்கு மட்டும் எழுதியிருக்காகளே!"

மஞ்சள் டியூப்

இனிமேல் வருகிறவர்தான் முக்கியம். தவசி அண்ணன். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை. அந்த ரூமுக்குள் செருப்புப் போடக் கூடாது, வெறுங்கால்தான். தூள் பறக்காமல் இருக்கத் தரை எப்போதும் நனைந்தே கிடக்கும். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற காலில் சேத்துப்புண் வராமல் என்ன செய்யும்? வந்தது. மச்சினன் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் டியூபைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பூசிய மறுநாளே அரிப்பு நின்றுவிட்டது. விட்டால் திரும்ப வந்தது. திரும்பவும் பூசினார். அது நாலைந்து மருந்தைக் கலந்து அடைத்த டியூப். அதில் ஸ்டீராய்டும் உண்டு. அரிப்பை அமுக்கிவிட்டுப் புண்ணுக்குக் காரணமான பூஞ்சைக் காளானை உள்ளே வளர விடுகிற சமாச்சாரம். அவர் எங்கள் கடைக் கண்ணாடி மேல் காலை வைத்தபோது தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, சிவப்பு விரலை விட்டுக் கணுக்கால்வரை வட்டம் வட்டமாக ஏறியிருந்தது.

அக்கா பார்த்தவுடன் தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். மஞ்சளை விட்டொழியுங்கள், விட்ட புதிதில் இன்னும் சிவக்கும், எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் புது மருந்தையே பூசுங்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அப்படியே சிவந்தது, அப்படியே எரிந்தது. ஒருநாள் காலையில் வந்து நின்றார். "டாக்டரம்மா மருந்து ஆகாதும்மா, மஞ்சளையே குடுங்க." அக்கா மாட்டேன் என்றார். அவர் கெஞ்சினார். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, கால் வெடித்து ரத்தம் வந்தால் ரூமுக்குள் விடமாட்டார்கள், இந்த சீசன் வேலைதான் வருஷத்துக்கே சோறு. அக்கா அசையவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "உங்க கடையில இல்லாட்டி ஊருல வேற கடையா இல்ல?"

போர்மேன் ஃபோன்

அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வருவார், வேறு கடையில் வாங்குவார், பூசுவார், அந்தச் சருகுத் தோல் பிய்ந்துவிடும். என்ன செய்யலாம்? அவர் யார் பேச்சைக் கேட்பார்? அவருடைய போர்மேன் பரமசிவம் ஐயா எங்கள் கடையில்தான் வயிற்றெரிச்சலுக்கு டானிக் வாங்குவார். தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிக் குரல். முதலில் ஒரு "க்கும்", கடைசியில் ஒரு "வெளங்குதா?" எனக்கு அல்வா மாதிரி. கடை ஃபோனில் தவசி அண்ணன் நம்பர் இருந்தது. சாயங்காலம் அக்கா டீ குடிக்கப் போனார். நான் தொண்டையைத் தீட்டினேன்.

"க்கும். தவசியா? போர்மேன் பேசுறேன்லே."

"அய்யா! சொல்லுங்கய்யா. இது என்ன புது நம்பரா இருக்கு?"

"ஆபீசு நம்பரு. அது கெடக்கட்டும். ஏலே, கால்ல என்ன மருந்துலே வச்சிருக்க?"

அந்தப் பக்கம் குரல் நடுங்கியது. "அய்யா, சத்தியமா ஒரு மருந்தும் இல்லய்யா. தேச்சுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் வெளிய வந்தேன். பிள்ள மேல சத்தியம்யா!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று எங்கள் கடை அலமாரியில் இருப்பது. இன்னொன்று வெடிக்குள் போவது. அதைக் கலக்குகிறவரிடம் போர்மேனே கூப்பிட்டுக் கால்ல என்ன மருந்து என்று கேட்டால் அவர் உயிர் எங்கே நிற்கும்? ஃபோனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைத்தால் அவர் இன்னும் பயப்படுவார். "அந்த மருந்து இல்லலே, பூசுற மருந்து!" என்று அவசரமாக இறங்கினேன். "சேத்துப்புண்ணுக்கு மஞ்ச டியூபு போடுறியாமே? அது ஆகாது. டாக்டரம்மா எழுதுனத மட்டும் போடு. வேலைக்கு முன்னால பூசாத, வீட்டுக்குப் போயிப் பூசு. விரலிடுக்க ஈரம் இல்லாம ஒத்தி எடு. பட்டாணி அளவு. கடலை அளவு இல்ல. அரிப்பு நின்னாலும் நிறுத்தாத. ஒங்கால நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன், வெளங்குதா?"

கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அய்யா, எங்காலப் பத்தி எங்க வீட்டுக்காரிகூட இம்புட்டு விசாரிச்சதில்லய்யா."

டயர்

அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கமே வரவில்லை. கேட்டுக்கொண்டாரா, வேறு கடைக்குப் போனாரா, ஒன்றும் தெரியாது. அதைவிட வேறு ஒன்று என்னை அரித்தது, எந்தக் களிம்புக்கும் அடங்காத அரிப்பு. மருந்து ரூமில் நிற்கிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. போர்மேன் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்ற பயத்தில் அவர் கை நடுங்கினால்?

ஒருநாள் உச்சிவெயிலில் டமார் என்று ஒரு சத்தம். எங்கள் தெருவே வாசலுக்கு வந்தது. அத்தனை பேர் காதிலும் ஃபோன். நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. மஞ்சள் டியூபும் வெறுங்காலும் ஈரத் தரையும் மட்டும் கண்முன் நின்றன. எதிர் டீக்கடை மாஸ்டர் ரோட்டு வளைவுவரை ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். லாரி டயராம். அக்கா அங்கேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கூட நாலு பேர் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "டயரு வெடிச்சதுக்குச் சாமி கும்பிடுற ஊரு நம்ம ஊருதான்யா."

தலைக்கு ஏறுமா?

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். இதோ, பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறது. வேலை விடுகிற நேரத்தில் பரமசிவம் ஐயா கடைக்குள் வந்தார். வழக்கமான வயிற்றெரிச்சல் டானிக் கேட்டார், வழக்கமில்லாமல் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "க்கும். அக்கா, ஒரு சந்தேகம். எங்க மருந்து ரூம்ல தவசின்னு ஒருத்தன். கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான். காலையில வேலைக்கு வந்ததும் நேரா எம்முன்னால வந்து நிக்கான். ஒத்தக் காலத் தூக்கி நீட்டுறான். விரல விரிச்சுக் காட்டி, 'பாத்துக்கோங்கய்யா, பட்டாணி அளவுதான்'ங்கான். தினமும்! மொதநாள் ஏதோ கேலின்னு விட்டேன். நேத்து, 'நீங்க ஃபோன் போட்டதுலருந்துதான்யா எனக்குத் தெம்பே'ங்கான். நான் எங்க ஃபோன் போட்டேன்?"

நான் சுவரைப் பார்த்து அலமாரியை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கியிருந்ததையே கலைத்து அடுக்கினேன். ஐயா குரலைத் தாழ்த்தினார். இல்லாத ஃபோன் காதில் கேட்கிற ஆளை மருந்து ரூமில் வைத்திருக்க முடியாது, கூட இருக்கிறவர்களின் உயிர்ப் பிரச்சினை, நாளைக்கே முதலாளியிடம் சொல்லி சீசன் முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறாராம். நல்ல வேலைக்காரன், மனசு கேட்கவில்லையாம். நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கண்டக்டரும் டீச்சரும் மாமியாரும் எல்லாரும் வந்தார்கள், என் குரல் மட்டும் வரவில்லை. அக்கா ஐயாவைப் பார்க்கவில்லை. என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது எனக்குச் சுட்டது. ஐயா டானிக் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "படிச்ச நீங்க சொல்லுங்கக்கா, கால்ல பூசுற மருந்து தலைக்கு ஏறுமா?"

வெளங்குதா?

அக்கா பதில் சொல்லும் முன் சண்முகத்தாய் அக்கா உள்ளே வந்தார். மகளுக்கும் ஒட்டிக்கொண்டதாம், டாக்டர் சீட்டைக் காட்டி டியூப் வாங்கினார். அவருக்குப் பின்னாலேயே, இன்னொரு பஸ்ஸில் இறங்கிய தவசி அண்ணன். புது மருந்து தீர்ந்துவிட்டது என்று காலி டியூபைக் கையில் பிடித்திருந்தார். போர்மேனைப் பார்த்ததும் காலி டியூபோடு அப்படியே விறைத்து நின்று, "அய்யா" என்றார். ஐயா மூடி நிறைய டானிக்கை ஊற்றி வாயில் விட்டுக்கொண்ட நேரம் அது. கன்னம் உப்பியிருக்க, தலையை மட்டும் ஆட்டினார்.

"எம்புட்டு பூசணும் பிள்ள?" என்றார் சண்முகத்தாய் அக்கா என்னிடம்.

பயத்தில் வாய் தானாக ஓடுமே, உங்களுக்குத் தெரியும். "விரலிடுக்க ஈரம் இல்லாம ஒத்தி எடுங்க. பட்டாணி அளவு. கடலை அளவு இல்ல. அரிப்பு நின்னாலும்..." என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். தவசி அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் என் தொண்டைக்குள் ஏதோ நழுவியது. கூழாங்கல்லும் தகரடப்பாவும், நானே கூப்பிடாமல், நேராக வெளியே வந்து விழுந்தன: "க்கும். நிறுத்தாதீக, வெளங்குதா?"

தவசி அண்ணன் போர்மேன் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது, டானிக்கோடு உப்பியிருந்தது. என் வாயைப் பார்த்தார். மறுபடி போர்மேன் வாயைப் பார்த்தார். "அய்யா," என்றார் மெதுவாக, "நீங்க வாயத் தெறக்கவே இல்லியே. பெறகு வெளங்குதான்னு யாரு கேட்டது?"

பரமசிவம் ஐயா டானிக்கை மடக்கென்று விழுங்கினார். பாதி புரையேறிக் கவுண்டர் கண்ணாடியெல்லாம் ரோஸ் நிறத்தில் தெறித்தது. இருமி முடித்து, என்னை ஒரு பார்வை, தவசி அண்ணனை ஒரு பார்வை. "அப்ப இவனுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு! காதுல விழுந்தது நெசந்தான்!" என்று தொடையில் தட்டினார். "ஏலே, நாளைக்கு ரூமுக்கே வா. கால மட்டும் எங்கிட்ட நீட்டாத."

தவசி அண்ணன் சிரிக்கவில்லை. செருப்பை உதறினார். நேராக என் முன்னால் வந்து, கண்ணாடி மேல் காலைத் தூக்கி வைத்து, ஐந்து விரலையும் விரித்தார். இடுக்கெல்லாம் காய்ந்து புதுத்தோல் வந்திருந்தது. கணுக்கால் சிவப்பு இறங்கியிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, அதே பயபக்தியோடு சொன்னார்: "இந்தாங்கய்யா போர்மேன், நீங்களே பாத்துக்கோங்க."

இப்போதெல்லாம் யாராவது டியூபைக் கையில் வாங்கிப் பக்கவிளைவு என்னென்ன என்று கேட்டால், அக்கா எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னை நோக்கி விரலை நீட்டுகிறார்.